கல்லுக்கு எடை இல்லை

ஆண்டுதோறும் நம் தமிழ் அமைப்புகளின் பட்டிமன்ற மேடைகளில் ஒரு தலைப்பு தவறாமல் தலைகாட்டுகிறது. கணினி விளையாட்டு மாணவர்களை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? ஓர் அணி கண் கெடும், தூக்கம் கெடும், தேர்வு கெடும் என்று அடுக்கும். மற்றோர் அணி அறிவு வளரும், ஆங்கிலம் வளரும், கைவேகம் வளரும் என்று பதில் சொல்லும். இரு பக்கமும் நியாயம் உண்டு, அளவோடு விளையாடினால் நன்மையே என்று நடுவர் தீர்ப்பு வழங்குவார். கைத்தட்டல் எழும், தேநீர் வரும், எல்லாரும் கலைந்து போவோம்.

அந்தத் தலைப்பே பொருத்தமற்றது என்பது என் கருத்து. கணினி விளையாட்டு என்று ஒரே பொருள் எதுவும் இல்லை. ஒரே பெயரில் வரும் விளையாட்டுகூட இருபது ஆண்டுகளில் வேறொன்றாக மாறிவிடுகிறது. ஆகவே வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, இதில் யார் எதற்கு எவ்வளவு கொடுக்கிறார், அந்த விலை அவருக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்போம். இந்தக் கேள்வியை ஒரு சிறு பொருளை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். விளையாட்டில் வரும் வீரன் தன் வாளிலும் கவசத்திலும் பதித்துக்கொள்ளும் கல்தான் அந்தப் பொருள்.

மூன்று கொடுத்தால் ஒன்று

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் டியாப்லோ 2 என்ற விளையாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதன் விரிவாக்கமும் வந்தது. அந்தக் காலக்கட்டத்தில் ஈப்போவில், குறிப்பாகச் சிலிபின், புந்தோங் வட்டாரங்களில் வளர்ந்த என் வயதினருக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்களில் பலர் தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் கணினி இருந்தவர் சிலரே. மற்றவர்கள் கணினி மையத்தில் மணிக்கு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி கொடுத்துத்தான் விளையாடினோம்.

அறியாத இளையோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீரன் அரக்கர்களை வீழ்த்துகிறான். அவர்கள் விழும் இடத்தில் ஆயுதம், கவசம், பொற்காசு எனப் பொருள்கள் சிதறுகின்றன. சில ஆயுதங்களிலும் கவசங்களிலும் வெறும் குழிகள் இருக்கும். மாணிக்கம், நீலம், மரகதம், புஷ்பராகம், வைரம், செவ்வந்திக்கல் ஆகிய ஆறு கற்களோடு மண்டை ஓடு ஒன்றும் சேர்ந்து ஏழு வகைகள் உண்டு. அவற்றை அந்தக் குழிகளில் பதித்தால் பொருளின் ஆற்றல் கூடும்.

ஒவ்வொரு வகையிலும் ஐந்து தரங்கள். உடைந்த கல், குற்றமுள்ள கல், சாதாரணக் கல், குற்றமற்ற கல், முழுமையான கல் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். குற்றத்தை வைத்துக் கல்லைத் தரம் பிரிக்கும் இந்த முறை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் படித்தவர்களுக்கு மதுரையின் இரத்தினக் கடைத்தெரு நினைவிருக்கும். வைரத்துக்கு இன்னின்ன குற்றங்கள், அவை நீங்கியதே நல்ல வைரம் என்று இளங்கோவடிகள் ஒரு கைதேர்ந்த வணிகரைப் போலப் பட்டியலிடுகிறார். காகத்தின் கால் போன்ற கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கல்லை வாங்குமுன் குறையைப் பார் என்பது நம் இலக்கியம் அறிந்த பாடம்.

டியாப்லோ 2இல் தரத்தை உயர்த்தும் விதி மிக எளிது. ஒரே வகையில், ஒரே தரத்தில் மூன்று கற்களை ஹொராட்ரிக் கியூப் என்னும் மாயப் பெட்டியில் போட்டால் அடுத்த தரத்தில் ஒரு கல் வெளிவரும். கீழ்த்தரத்திலிருந்து முழுமைக்கு நான்கு படிகள். மூன்றை நான்கு முறை பெருக்குங்கள்: 3, 9, 27, 81. ஆக, ஒரு முழுமையான கல்லின் விலை 81 உடைந்த கற்கள். இடையில் நல்ல தரக் கல்லே நேரடியாகக் கிடைத்தால் வேலை குறையும். எந்த நாளும் 81க்கு மேல் கேட்பதில்லை.

விலை தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே பதிப்பது என்ற முடிவும் உண்டு. ஒரே மாணிக்கத்தை வாளில் பதித்தால் நெருப்புத் தாக்குதலைக் கொடுக்கும். கவசத்தில் பதித்தால் உயிராற்றலைக் கூட்டும். கேடயத்தில் பதித்தால் நெருப்பைத் தாங்கும். முழுமையான புஷ்பராகம் ஒன்றைத் தலைக்கவசத்தில் பதித்தால் அரிய பொருள்கள் கிடைக்கும் வாய்ப்பு 24 விழுக்காடு உயரும். மூன்று குழியிலும் மூன்று பதித்தால் 72 விழுக்காடு. பதித்த கல்லைப் பெயர்த்தெடுத்து மறுபடி பயன்படுத்தவும் முடியாது. குழியைக் காலி செய்ய ஒரு வழி பின்னர் வந்தது. ஆனால் அதில் கல் அழிந்துவிடும். எனவே பதிக்குமுன் யோசிக்க வேண்டும். பத்தர் ஒருவர் நகையில் கல் கட்டுவதற்குமுன் இருமுறை அளந்து பார்ப்பதைப் போன்ற பழக்கம் அது.

நான் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழவில்லை. அந்த 81 கற்களுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. விளையாட்டுப் பொருள்களை இணையத்தில் உண்மைப் பணத்துக்கு விற்ற வெளியாட்களும் அன்றே இருந்தார்கள். என் வாதம் இவ்வளவே: விளையாட்டின் விதிக்குள் கல்லுக்கு ஒரு விலை இருந்தது; அந்த விலையை ஆறாம் ஆண்டு மாணவன்கூடப் பெருக்கிப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

கல் கடைக்கு வந்த கதை

2012ஆம் ஆண்டு மே மாதம் டியாப்லோ 3 வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்மைப் பணத்துக்குப் பொருள்களை வாங்கி விற்கும் ஏலக்கூடம் ஒன்றை நிறுவனமே விளையாட்டுக்குள் திறந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் நிறுவனத்துக்கு ஒரு பங்கு. அரக்கர்களோடு போராடி ஆயுதம் தேடுவதே அந்த விளையாட்டின் சாரம். ஏலக்கூடத்தில் அதைவிட நல்ல ஆயுதம் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் எவன் போராடுவான்? ஏலக்கூடம் விளையாட்டின் அடிப்படையையே குலைத்துவிட்டது என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டு, 2014ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அதை மூடியது. அந்த முடிவை இன்றும் பாராட்டுகிறேன். ஏலக்கூடத்தில்கூட, வாங்குபவர் என்ன பொருளை என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் கைப்பேசிக்கான டியாப்லோ இம்மோர்ட்டல் வந்தபோது நிலைமை மாறிவிட்டது. விளையாட்டு இலவசம். ஆயுதத்தையும் கவசத்தையும் பணம் கொடுத்து வாங்க முடியாது என்று அதன் பொறுப்பாளர் உறுதி கூறியிருந்தார். அது உண்மைதான். வாளைப் பணத்துக்கு விற்கவில்லை. வாளில் பதிக்கும் கல்லுக்குத்தான் பணம்! அதையும் நேராக விற்கவில்லை. 'லெஜண்டரி கிரெஸ்ட்' என்ற சின்னத்தை வாங்கி, ஒரு நிலவறைக்குள் நுழைந்து, வெளியே வரும்போது என்ன கல் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெளியான காலத்தில் நிறுவனம் அறிவித்திருந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு சின்னத்துக்கு ஐந்து நட்சத்திரக் கல் கிடைக்கும் வாய்ப்பு 4.5 விழுக்காடு. 50 சின்னங்களுக்குள் ஒன்று உறுதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக 20 சின்னத்துக்கு ஒரு கல். ஆனால் ஐந்து நட்சத்திரக் கல்லுக்குள்ளும் தரங்கள் உண்டு. அவற்றுள் முழுத்தரத்தோடு வருவது நூற்றில் ஒன்று. 20ஐ 100ஆல் பெருக்குங்கள். ஒரு முழுத்தரக் கல்லுக்குச் சராசரியாக 2,000 சின்னங்கள். ஒரு சின்னத்தின் விலை, வாங்கும் பொதியைப் பொறுத்து, ஏறக்குறைய இரண்டே கால் முதல் இரண்டரை அமெரிக்க டாலர். மொத்தத்தை அன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் 20,000 வெள்ளியைத் தொடுகிறது. 2022 மே மாதத்தில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக இருந்தது. அதன்படி ஒரு தொழிலாளியின் 13 மாதச் சம்பளம் ஒரு கல்லுக்கு!

கதை அதோடு முடியவில்லை. அது எந்தக் கல்லாக இருக்கும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கிடைத்த கல்லை மேல்படிக்கு உயர்த்த அதே கல் மேலும் பல வேண்டும். குழிகளும் பல. ஒரு வீரனின் எல்லாக் கற்களையும் உச்சத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 110,000 அமெரிக்க டாலர் ஆகும் என்று 2022இல் ஒரு கணக்கு உலகெங்கும் செய்தியானது. அந்தக் கணக்கைக் கூட்டியும் குறைத்தும் பலர் வாதிட்டனர். எனக்குத் தொகையைவிட அந்த வாதமே முக்கியமாகப் பட்டது. ஒரு பொருளின் விலை என்ன என்று வாங்குபவர்கள் ஆராய்ச்சி செய்து, அதிலும் ஒத்துப்போக முடியாமல் நிற்கிறார்கள் என்றால், அந்தப் பொருளுக்கு விலைச்சீட்டு இல்லை என்றுதானே பொருள்?

வீட்டுக்கு வந்த கணக்கு

இது எங்கோ நடக்கும் கதையன்று. சிலிபினில் என் சித்தி வீட்டுக்கு இந்தக் கணக்கு வந்தது. சித்தி மகன் ஒரு டிப்ளோமா மாணவன். கெட்டிக்காரன். குடி, புகை எதுவும் கிடையாது. அவன் விளையாடிய விளையாட்டு வேறொன்று. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அதிலும் வாளில் பதிக்கும் கல் இருந்தது. இதே போன்ற படிகளும் இருந்தன. பி.டி.பி.டி.என். கடன் பணம் கைக்கு வந்த பருவத்தில் 4.90 வெள்ளி, 19.90 வெள்ளி, 49.90 வெள்ளி என்று துண்டு துண்டாகப் போனது. அவன் ஒருநாளும் 3,000 வெள்ளி செலவழிக்கவில்லை. ஒருநாளும் 50 வெள்ளியைத் தாண்டவில்லை. ஆனால் பருவ முடிவில் போனது 3,000 வெள்ளிக்கு மேல். விடுதிக் கட்டணம் நிலுவையில் நின்றது.

சித்தி தன் கல் வைத்த அட்டிகையை அடகுக் கடைக்கு எடுத்துப்போனார். நானும் உடன் போனேன். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். பிறகு கற்களுக்கென்று ஓர் எடையைக் கழித்தார். சித்தி முகம் சுருங்கியதைக் கண்டு, "பத்து தக் கிரா" என்றார். கல்லைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று பொருள். தங்கத்துக்கு மட்டும்தான் கடன். திருமணத்தின்போது எத்தனை ஆசையாகப் பார்த்துப் பதித்த கல்லாக இருந்தாலும் அடகுத் தராசில் அதற்கு எடை இல்லை.

வெளியே வரும்போது சித்தி கேட்டார்: "தம்பி, அவன் வாங்குனதும் கல்லுதானே? அத எங்கயாச்சும் வெக்க முடியுமா?" என்னிடம் பதில் இருந்தது, சொல்ல மனமில்லை. அந்தக் கல்லை அடகு வைக்க முடியாது, விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. சட்டப்படி அது அவனுடையதுகூட அன்று. பயன்படுத்த அனுமதி மட்டுமே. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சீனாவில் பிளிசார்ட் நிறுவனத்துக்கும் அதன் உள்ளூர்ப் பங்காளிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தபோது, டியாப்லோ 3 உள்ளிட்ட பல விளையாட்டுகள் ஒரே நாளில் நின்றுபோயின. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பொருள்கள் எல்லாம் கைக்கு எட்டாமல் போயின. அடகுக் கடையில் அட்டிகையாவது இரசீதோடு பத்திரமாக இருக்கும்.

நம் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்தில் பால் நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத தலைமுறை அது. கிராணி எழுதும் எண்ணைச் சந்தேகித்து, மறுபடி நிறுக்கச் சொன்ன பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். நகரத்துக்கு வந்த பிறகும் கூட்டு போட்டு நகை வாங்கியவர்கள் உண்டு. பன்னிரண்டு பேர், மாதம் நூறு வெள்ளி என்றால் யாருக்கு எப்போது எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படித் தெரிந்தும், பணத்தோடு தலைமறைவாகும் ஆள்கள் இருந்ததால் ஏமாற்றம் நேரக்கூடிய ஏற்பாடு அது. 1971ஆம் ஆண்டில் அதைத் தடைசெய்யச் சட்டமே வந்தது. நம் கூட்டு என்ற சொல்லே அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கிறது. கணக்கு வெளிப்படையாக இருந்த கூட்டையே ஆபத்தென்று தடுத்த நாட்டில், கணக்கே தெரியாத கல்லைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் விற்கலாமா என்று கேட்பதில் என்ன தவறு?

மறுப்புகளும் மறுமொழியும்

இதற்கு மூன்று மறுப்புகளை நண்பர்கள் சொல்வதுண்டு. மூன்றையும் மதித்தே பதில் சொல்கிறேன்.

முதலாவது, என் காசு, என் விருப்பம். சினிமாவுக்குப் போகிறேன், உணவகத்துக்குப் போகிறேன். அதைப் போல இதுவும் ஒரு செலவு. ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒருவர் மாதம் நூறு வெள்ளி விளையாட்டுக்குச் செலவழிப்பதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் சினிமாச் சீட்டில் விலை அச்சிட்டிருக்கிறது. பாதிப் படத்தில் திரையை நிறுத்தி, உச்சக்காட்சி வரலாம், வராமலும் போகலாம், இன்னும் பத்து வெள்ளி போடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, பெரும்பாலோர் ஒரு காசுகூடக் கொடுக்காமல் விளையாடுகிறார்கள். கணினி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. இதிலும் உண்மை உண்டு. அன்று மணிக்கு இரண்டு வெள்ளி தேடியவர்களுக்கு இலவசம் என்ற சொல்லின் அருமை தெரியும். ஆனால் இலவசமாக விளையாடும் நூறு பேரின் செலவையும் சேர்த்துக் கட்டுவது ஒரு சிலர். அந்தச் சிலர் கோடீசுவரர்கள் மட்டும் என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். நிறுத்த முடியாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். என் சித்தி மகன் அப்படித்தான் மாட்டினான்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. நிறுவனங்கள் வாய்ப்பு விழுக்காட்டை வெளியிடுகின்றனவே, மறைக்கவில்லையே என்பது அது. ஆம், வெளியிடுகின்றன. மேலே நான் போட்ட கணக்கே அவர்கள் வெளியிட்ட எண்களிலிருந்து வந்ததுதான். ஆனால் விழுக்காடு விலையாகாது. நூற்றுக்கு 4.5, அதில் நூற்றுக்கு ஒன்று என்று எழுதி வைப்பதும், இதன் சராசரி விலை 20,000 வெள்ளி என்று எழுதி வைப்பதும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், மனத்தில் ஒன்றல்ல. முதலாவதைப் படிக்கும் பையன், அடுத்தது கிடைத்துவிடும் என்று நினைக்கிறான். இரண்டாவதைப் படித்தால் கைப்பேசியைக் கீழே வைப்பான். அதனால்தான் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

நாலு நம்பர் எடுக்கும் பழக்கத்தை நாம் எல்லாரும் கண்டிக்கிறோம். கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், விபத்தைப் பார்த்தால் வண்டி எண் என்று ஓடும் மாமாக்களைப் பற்றி நாடகம்கூடப் போடுகிறோம். அந்த மாமா கடைக்கு நடந்துபோய், சீட்டு வாங்கி, குலுக்கல் நாள்வரை காத்திருக்க வேண்டும். கல்லுக்குக் காத்திருப்பே இல்லை. படுக்கையில் படுத்தபடி நள்ளிரவு இரண்டு மணிக்கும் வாங்கலாம். நாம் சிரிக்கும் மாமாவைவிட நாம் ஒரு படி கீழே நிற்கிறோமோ என்று யோசிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. சில்லறைப் பரிசுகளை ஒரு முழுத் தொகுதியாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற முறையை 2012இல் ஜப்பான் சட்டத்துக்குப் புறம்பானதென்று அறிவித்தது. வாய்ப்புக் கணக்கை வெளியிடவேண்டும் என்று 2017 மே மாதத்திலிருந்து சீனா கட்டாயப்படுத்தியது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டமென்றே வகைப்படுத்தியது. டியாப்லோ இம்மோர்ட்டல் அந்நாட்டில் வெளியிடப்படவே இல்லை. 2024 மார்ச் 22 முதல் தென்கொரியாவிலும் வாய்ப்புக் கணக்கை வெளியிடுவது சட்டக் கடமையானது. நம் நாட்டில் சூதாட்ட விடுதிச் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கைப்பேசி என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

முற்றாகத் தடைசெய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. தடை வந்தால் வேறு வழியில் நுழைவார்கள். நான் கேட்பது விலைச்சீட்டு. நம் நாட்டில் சில்லறைக் கடைக்காரர் தம் பொருளுக்கு விலை குறிக்கவேண்டும். கிலோ இவ்வளவு என்று சந்தையில் மீன்காரர் அட்டையில் எழுதி வைக்கிறார். அதைப் போல, இந்தக் கல்லை உச்சத்துக்குக் கொண்டுபோகச் சராசரியாக இத்தனை வெள்ளி ஆகும் என்று வாங்கும் பொத்தானுக்கு அருகிலேயே வெள்ளிக் கணக்கில் எழுதவேண்டும். இதுவரை நீங்கள் செலவழித்த மொத்தத் தொகை இவ்வளவு என்பதையும் அதன் கீழே காட்டவேண்டும். இரண்டே எண்கள். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பயனீட்டாளர் சங்கங்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மாணவர் அமைப்புகள் எழுத வேண்டிய கோரிக்கை இது. மொழிக்காக மனு எழுதிப் பழகிய கைகளுக்கு இது கடினமன்று.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நம் பேரவை உறுப்பினர்கள் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் சென்று தன்முனைப்பு முகாம்களை நடத்துகிறோம். கைப்பேசி கெட்டது என்று அங்கே ஒரு மணி நேரம் பேசுகிறோம். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், முகாம் முடிந்ததும் கைப்பேசியை எடுக்கிறார்கள். அடுத்த முறை அந்த ஒரு மணி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். மூன்று கல்லுக்கு ஒரு கல், நான்கு படி, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பலகைக்கு ஓடிவந்து 81 என்று எழுதுவார்கள். அவர்களுக்குப் பிடித்த உலகம் அது. பிறகு இரண்டாவது கணக்கைக் கொடுங்கள். இருபதில் ஒன்று, அதில் நூற்றில் ஒன்று, ஒரு முறைக்குப் பத்து வெள்ளி. விடையை வெள்ளியில் எழுதச் சொல்லுங்கள். அதை அப்பாவின் சம்பளத்தால் வகுக்கச் சொல்லுங்கள். நிகழ்தகவுப் பாடம் இதைவிட நன்றாக மனத்தில் பதியாது.

ஏற்கனவே விளையாடிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழக நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வாங்குமுன் அடுத்த படியின் விலையைப் பார்க்காதீர்கள். கடைசிப் படியின் விலையைக் காகிதத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையைக் கொடுக்க மனமிருந்தால், கொடுக்கவும் வசதியிருந்தால், தாராளமாக வாங்குங்கள். மனமில்லை என்றால் முதல் 4.90 வெள்ளியையும் கொடுக்காதீர்கள். பாதி ஏறிய கல்லுக்கு விளையாட்டிலும் மதிப்பில்லை, வெளியிலும் மதிப்பில்லை.

முழு விலையைச் சொல்லிவிட்டு விற்கும் விளையாட்டு எதுவானாலும் அது நம் பிள்ளைகளின் நேரத்தோடும் பணத்தோடும் நேர்மையாக நடந்துகொள்கிறது. அதை விளையாடுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். விலையைச் சொல்ல மறுக்கும் விளையாட்டை, அது எத்தனை அழகாக இருந்தாலும், சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் கடமை. அடுத்த பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடும் செயலவையினர் இதை எடுத்துக்கொள்ளலாம்: விலை சொல்லாமல் விற்பது வணிகமா, சூதா? இதற்கு நடுவர் இரு பக்கமும் நியாயம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னால் நான் கைதட்டப் போவதில்லை.